பதினோரு புதன்கிழமைகள்

பிப்ரவரி 11

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அந்த மட்டுக்கும் கடவுளுக்கு நன்றி. நீ போனை எடுக்கப்போவதில்லை என்பது இந்தப் பத்து நாளில் புரிந்துவிட்டது. ஆனால் ஒட்டிய கவரைப் பிரிக்காமல் வைத்திருக்க உனக்குச் சின்ன வயதிலிருந்தே முடியாது. அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். சலவைக் கம்பெனி அனுப்பிய வேலை உத்தரவை நீ எடுத்துப் போய்விட்டாய். கவரைக் குப்பையில் போட்டிருந்தாய். விலாசம் அதில் கிடைத்தது.

நம் எறும்புப் பிள்ளையின் இடது கால் செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒற்றைச் செருப்போடு பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு போகிற அளவுக்கு என்ன அவசரம்? இதோடு அனுப்பியிருக்கிறேன்.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதி வைத்தால்தான் எனக்கு எதுவும் நிலைக்கும். பிள்ளைகள் சென்டரில் வருகை நோட்டு என் பொறுப்பு. சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் அந்த நோட்டைப் பார்த்துத்தான் மேலாபீஸ் பிள்ளைகளுக்குப் பாலும் பொம்மையும் டீச்சரும் அனுப்புகிறது. நாலாம் வகுப்போடு நின்று, கடைப் பலகையையும் பிரார்த்தனைப் புத்தகத்தையும் பார்த்து எழுத்துக் கற்றவளை நம்பி சென்டர் மேடம் அதைக் கையில் கொடுத்தார். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேச்சு டீச்சர் நடத்துகிற வகுப்பில் பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்தால்தான் அது வருகை. மூன்று புதன்கிழமை சேர்ந்தாற்போல் தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்கு. இது நான் வைத்த சட்டமல்ல. சுவரில் ஒட்டியிருக்கிறது.

நீ வேலைக்காக அலைந்ததில் இரண்டு புதன் போயிற்று. மூன்றாவது புதன் பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போனேன். பத்துக்கு வருகிறேன் என்ற நீ பன்னிரண்டே காலுக்கு மூச்சிரைக்க வந்தாய். அதற்குள் நான் ‘வரவில்லை’ என்று எழுதியாகிவிட்டது. “ஒரு டிக் போட்டா உன் சாமி கோவிச்சுக்குமா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். சாமி கோபித்துக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. பொய் எழுதிய கையைக் கூப்பிக்கொண்டு நிற்க எனக்கு வராது, அவ்வளவுதான்.

பிள்ளை சாப்பிடுகிறாளா என்று ஒரு வரி எழுது.

அக்கா

மார்ச் 2

அக்கா,

செருப்பு வந்தது. அவளுக்கு வேறு ஜோடி வாங்கியாகிவிட்டது. ஆனாலும் அந்த ஒற்றைச் செருப்பைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாய். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். நீ ‘வரவில்லை’ என்று எழுதும்போது அவள் உன் மடியில் உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பிள்ளைக்காரி சொன்னாள். எறும்பு பேனாவைப் பிடுங்கப் பார்த்தாளாம். நீ மூடியைக் கழற்றி அவள் கையில் விளையாடக் கொடுத்துவிட்டு எழுதினாயாம். மடியில் இருக்கிற பிள்ளை வரவில்லை. பலே.

இங்கே ஒரு அறை. மூன்றாவது மாடி. கம்பெனி கொடுத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரில் தண்ணீர்க் குழாய். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். என் எதிரே நிற்கிறவளோடு ஒரு மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, மெஷின் சத்தம் அப்படி. பக்கத்து அறையில் ஒரு நர்ஸ். ராத்திரி டியூட்டி. எறும்பை அவளிடம் விட்டுப் போகிறேன். அவள் நல்லவள்தான், தூங்கிவிடுவாள். அவள் தூங்க, டிவி என் பெண்ணை வளர்க்கிறது.

வந்ததும் பேச்சு டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி செய்கிறேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, உடனே கொடுக்காமல், மனசுக்குள் பத்து எண்ணுகிறேன். ஜனவரியில் ஏழு எண்ணும்போதே ‘ப’ என்று உதட்டை ஒட்டினாள். இப்போது பத்து முடிந்துவிடுகிறது. என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அக்டோபரில் அவளுக்கு நாலு வயது முடிகிறது. அதற்குப் பிறகு எந்தச் சென்டரிலும் புதிதாகச் சேர்க்கமாட்டார்கள். உனக்குத் தெரியாததா, சுவரில் ஒட்டியிருக்குமே.

இனி எந்தச் சென்டர் வாசலையும் மிதிப்பதாக இல்லை. சாப்பிடுகிறாள்.

மார்ச் 9

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மாமா வாசிக்கச் சொன்னார். அந்த மடி விஷயத்தை மட்டும் தாண்டிப் போனேன். “என்ன, நடுவுல நின்னு ஓடுது?” என்றார். ஊர்க் குழாயெல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனிதருக்கு எங்கே அடைக்கிறது என்று காதாலேயே தெரிகிறது.

நீ எழுதியது உண்மை. மடியில்தான் இருந்தாள். பேனா மூடியும் உண்மை. 

பேச்சு டீச்சரைப் பார்த்துப் பேசினேன். “உங்க தங்கச்சி பொண்ணுதானேங்க? இப்பத்தான் உதட்டை ஒட்ட ஆரம்பிச்சா. இந்த நேரத்துல விட்டா பின்னால ரொம்ப கஷ்டம்” என்றார். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். ஒரு வழி சொன்னார். கவனமாகப் படி. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை புதன்கிழமை விளையாட்டு வகுப்புக்கு விடாமல் வருகிற பிள்ளைகளுக்கு ஜூலையில் அவர் வகுப்பில் இடம் உண்டு. நாலு வயது முடிவதற்குள் நுழைந்துவிட்டால் போதும். பிறகு ஆறு மாதமும் நடத்தியே ஆக வேண்டும், வயதைச் சொல்லி நிறுத்த முடியாது. வந்துவிடு. உன் அறை அப்படியேதான் இருக்கிறது. பாயைக்கூடச் சுருட்டவில்லை.

சென்டரும் முன்போல் இல்லை. வாரத்துக்கு முப்பது குடும்பம் வந்தால்தான் நடத்துவோம் என்று மேலாபீஸ் கடிதம் போட்டிருக்கிறது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று தொங்கிக்கொண்டிருக்கிறோம். நேற்று இரட்டைப் பிள்ளைக்காரி, “என்னோடதை ரெண்டு குடும்பம்னு எழுதிக்கோங்கக்கா. ரெண்டும் தனித்தனியாத்தான் ஊரைக் கூட்டுது” என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒன்று என்றுதான் எழுதினேன்.

ஏப்ரல் 2 முதல் புதன். அதற்குள் வா.

அக்கா

மார்ச் 20

அக்கா,

ஜூன் முடியக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடுவில் விட்டால் வேலையும் போகும், அறையும் போகும், இன்னொரு இடத்தில் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் தரமாட்டார்கள். அங்கே வந்து உன் தலையில் மறுபடி உட்கார எனக்கு வெட்கமாக இருக்கிறது. எட்டு மாதம் உட்கார்ந்தது போதாதா. இவள் அப்பன் வேறு வீடு பார்த்துக்கொண்டான் என்பதற்காக மாமா எத்தனை நாள் சுமப்பார்?

ஜூலை முதல் தேதி என்றால் வர முடியும். கையில் வேலைச் சான்றோடு வருவேன். அங்கேயே ஏதாவது சலவைக்கடையில் சேர்ந்துகொள்வேன். ஏப்ரலில் முடியாது.

அதுவரைக்கும் அவள் பெயரை எப்படியாவது

வேண்டாம். ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். எழுதியதை அடித்தால் காகிதம் அசிங்கமாகிறது, அப்படியே விடுகிறேன்.

இங்கே ரெண்டு தெரு தள்ளி மஞ்சள் போர்டு மாட்டிய ஒரு கட்டடம். உள்ளே சின்னச் சின்ன நாற்காலி தெரிகிறது. விளையாட்டு வகுப்பு மட்டும்தானாம், பேச்சுக்கு ஆள் கிடையாதாம். அந்த இடம் வந்தால் எறும்பு என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். நான் நிற்பதில்லை.

ஏப்ரல் 5

தங்கச்சிக்கு,

இடம் இருக்கிறது. ஜூலை முதல் தேதி பிள்ளையோடு வா. எப்படி என்று கேட்காதே. கேட்டால் சொல்ல வேண்டிவரும்.

அவளுடைய சுகாதார அட்டை எண்ணைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எனக்கு மனப்பாடம். அவளுக்கு மருந்து வாங்கப் போனபோதும், எடை போட்டபோதும், எல்லா இடத்திலும் அந்த எண்ணைச் சொன்னவள் நான்தானே.

புதன்கிழமை நோட்டில் மை சிந்திவிட்டது. பதினேழு மாதத்தில் முதல் கறை. மேடம் பார்த்துவிட்டு, “உங்களுக்குக்கூடவா?” என்று சிரித்தார். மை உறிஞ்சும் பிளாட்டிங் தாளை வைத்து ஒற்றி எடுத்தேன், போகவில்லை.

இந்த வாரம் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் பாதியில் வரிகள் நழுவுகின்றன. முப்பது வருஷமாக வாயில் இருக்கிற வரிகள். மாமா காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, “இன்னைக்கு சாமியோட பேச்சுவார்த்தை நீளுதே, ஏதாவது தகராறா?” என்று கேட்டார். வயதாகிறது என்றேன். வயதாகிறதும் உண்மைதானே.

நீ பத்து எண்ணுவதை விடாதே. டீச்சர் சொன்னது நினைவிருக்கிறதா? கேட்கிறதுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டால் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய தேவையே வராது. எனக்கு அது கஷ்டமாக இருந்தது. நான் மூன்றிலேயே கொடுத்துவிடுவேன். நீ திட்டுவாய்.

அக்கா

மே 18

அக்கா,

எப்படி என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. மேடம் காலில் விழுந்தாயோ, டீச்சரின் வீட்டுக் குழாயை மாமாவை அனுப்பிச் சும்மா சரிசெய்து கொடுத்தாயோ, எதுவானாலும் சரி. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவ்வளவுதான் எழுத வருகிறது.

இந்த மாதத்திலிருந்து புதன்கிழமைகளில் எனக்கு மத்தியான ஷிப்டு. காலையில் நாங்கள் ரெண்டு பேரும் சும்மா இருக்கிறோம். சும்மா என்றால் சும்மா இல்லை. போகட்டும்.

விஷயத்தைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை பந்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். ஆறு. ஆறிலேயே உதட்டை ஒட்டினாள். சத்தம் வந்தது. ‘ப’ என்று முழுசாக. பந்தைக் கொடுக்க மறந்து நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்து என் முழங்காலில் ஒரு அடி வைத்துவிட்டுப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். நர்ஸ் தூக்கக் கலக்கத்தோடு வந்து, “என்ன, ரெண்டு பேரும் அழறீங்களா சிரிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

திடீரென்று எப்படி வந்தது என்று நீயும் கேட்காதே. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

ஜூலை 1 செவ்வாய்க்கிழமை. காலை வண்டி. மறுநாளே புதன். மாமாவிடம் சொல், பாயை வெயிலில் போடச் சொல்.

உன் தங்கச்சி

ஜூன் 14

தங்கச்சிக்கு,

இதை நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுத முடியவில்லை.

நேற்று மேலாபீஸிலிருந்து ஒருவர் வந்தார். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, பிள்ளைகளின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு என் நோட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, இந்தப் பிள்ளை புதன்கிழமை காலைல பத்து மணிக்கு உங்க சென்டர்ல இருக்கு. அதே நேரத்துல இன்னொரு ஊர்ல இன்னொரு சென்டர்லயும் இருக்கு. அதே அட்டை நம்பர். மே மாசத்துல இருந்து ஆறு தடவை.”

மேடம் உடனே குறுக்கே வந்தார். “கம்ப்யூட்டர்ல நம்பர் மாறி ஏறியிருக்கும் சார். போன மாசம்கூட ரெண்டு பிள்ளைக்கு இப்படி ஆச்சு.” வந்தவர் தலையாட்டினார். “ஆகும் ஆகும்” என்றார். பேனாவை மூடப் போனார். மூடியைப் பேனாவின்மேல் வைத்தாகிவிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். “ஆறு இல்லைங்க. பதினொண்ணு” என்றேன்.

“எது பதினொண்ணு?”

“ஏப்ரல்ல இருந்து பதினோரு புதன்கிழமை. அந்தப் பிள்ளை ஒருநாளும் வரலை. நான்தான் வந்துச்சுன்னு எழுதினேன்.”

மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வந்தவர் கோபப்படவில்லை. “மத்ததுல எத்தனைம்மா?” என்று கேட்டார். மற்றது எதிலும் ஒரு புள்ளி பிசகில்லை என்றேன். “அதை நான் எப்படி நம்பறது, நீங்களே சொல்லுங்க” என்றார். அவர் கேட்டது நியாயம். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

ஏப்ரல் ஒன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு. நான் அடிகோல் வைத்துப் போட்ட கட்டங்கள் எல்லாவற்றின் மேலும். முப்பத்தொரு குடும்பத்தின் வருகையும் செல்லாது. இந்த மூன்று மாதத்துக்குச் சென்டருக்கு வந்தவர்கள் ஒருவருமில்லை என்று ஆகிவிட்டது. முப்பதாம் தேதியோடு மூடுகிறார்கள். அவர் போனபின் மேடம் மெதுவாகச் சொன்னார்: “மூடறதுக்கு ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தாங்க. நீங்க கையில எடுத்துக் கொடுத்துட்டீங்க.”

மஞ்சள் போர்டு. அங்கே சேர்த்திருக்கிறாய். நல்லதுதான் செய்திருக்கிறாய், பிள்ளைக்குச் சத்தம் வந்தது அதனால்தான். ஆனால் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அக்கா

ஜூன் 23

அக்கா,

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய், எனக்குத் தெரியாதா? ‘அங்கே ஒரு இடம் இருக்கிறதே, ஒரு பிள்ளைக்கு ரெண்டு இடம் எதற்கு, இதை வேறொருத்திக்கு விடுவோம்’ என்று நோட்டைத் திறந்து பெயரை அடித்திருப்பாய். அதற்குப் பயந்துதான் மறைத்தேன். மிதிக்கமாட்டேன் என்று எழுதின வாசலை மிதித்துவிட்டேன் என்ற வெட்கம் வேறு. ஜூலையில் நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நீ பொய் எழுதியிருப்பாய் என்று எனக்கு எப்படித் தோன்றும்? மாமா திருடினார் என்றால் நம்புவேன். நீ ஒரு டிக் போட்டாய் என்றால் நம்பமாட்டேன். இருபது தடவை யோசித்தேன், மேடம்தான் ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

சரி, எழுதினாய். எழுதினதோடு விட்டிருக்கக் கூடாதா? ஆறு என்று அந்த மனுஷனே சொன்னார். மூடியையும் வைத்துவிட்டார். உன்னை யார் பதினொன்று கேட்டது? முழுசாகப் பொய் சொல்லவும் உனக்குத் தெரியவில்லை. முழுசாக உண்மையாக இருக்கவும் உன்னை நான் விடவில்லை.

இங்கேயும் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒரே அட்டைக்கு ரெண்டு இடத்தில் வருகை என்றால் ஒரு வருஷத்துக்கு எங்கேயும் சேர்க்கக் கூடாதாம். போர்டுக்காரம்மா நல்லவர். வாசல்வரை வந்து சொன்னார். “எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?” என்று நாலு தடவை சொன்னார். ஒரு வருஷம் கழித்து இவளுக்கு நாலே முக்கால்.

போன புதன் காலை எறும்பு தானாகவே செருப்பை எடுத்துக்கொண்டு கதவடியில் போய் உட்கார்ந்தாள். பத்து மணியிலிருந்து. நான் வேலைக்குக் கிளம்புகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். அழவில்லை. அழுதாலாவது வாயைத் திறக்கிறாள் என்று இருக்கும்.

ஜூலை 1

தங்கச்சிக்கு,

நேற்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்ன நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கினார்கள். நாற்பத்தாறு நாற்காலி, இரண்டு தூண் அளவுகூட வரவில்லை. எடை பார்க்கிற தொட்டிலையும் பால் பாத்திரத்தையும் எடுத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது.

தாய்மார்கள் வந்து நின்று பார்த்தார்கள். என்னோடு யாரும் பேசவில்லை. முன்பெல்லாம் கதவுக்குள் நுழையும்போதே “அக்கா, நாங்க வந்துட்டோம், எழுதிக்கோங்க” என்று குரல் கொடுப்பார்கள். இரட்டைப் பிள்ளைக்காரி மட்டும் பக்கத்தில் வந்தாள். திட்டப்போகிறாள் என்று தயாராக நின்றேன். “அன்னைக்கு என்னோடதை ரெண்டுன்னு எழுதச் சொன்னப்ப சிரிச்சீங்களேக்கா” என்றாள். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய இரண்டாவது இன்னும் நடக்கவில்லை, உனக்குத் தெரியும். கால் பயிற்சிக்கு அவளுக்கும் இங்கே தவிர வேறு இடம் கிடையாது.

பேச்சு டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவர் போகிற இடத்தில் பதினாலு மாதத்துக்கு வரிசை நிற்கிறதாம். வெளியே தனியாகக் காட்டலாம் என்றார். நம் கைக்கு எட்டாது என்று அவருக்கே தெரிந்து, சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நாலு பக்கம். இதோடு இருக்கிறது. “இதெல்லாம் போதுமா டீச்சர்?” என்று கேட்டேன். “செய்யுங்க” என்றார். போதும் என்று சொல்லவில்லை.

மாமா பாயை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறார். இன்றைக்குக் காலை வண்டி வருகிற நேரத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். வரமாட்டார்கள் என்று தெரியாதா என்றேன். “தெரியும். சும்மா நின்னேன்” என்றார். நீ வா. இடம் இல்லாவிட்டாலும் வீடு இருக்கிறதே.

பிரார்த்தனை வரிகள் இப்போது மறக்கவில்லை. கடைசிவரை தங்குதடையில்லாமல் வருகின்றன. எதைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அக்கா

ஜூலை 13

அக்கா,

டிசம்பர்வரை மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டேன். அங்கே வந்து என்ன செய்ய? உன் முகத்தை நான் பார்க்கவும் என் முகத்தை நீ பார்க்கவும் தினமும் முடியாது. கோபமில்லை. கோபம் இருந்தபோது தெம்பாக இருந்தது.

நாலு பக்கமும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். ஊதச் சொல்கிறேன், கண்ணாடி முன்னால் உட்கார்த்துகிறேன். நான் ஊதினால் சோப்புத் தண்ணீர்க் குமிழியைப் பார்க்கிறாள். அவள் ஊதுவதில்லை. நர்ஸும் முயன்று பார்த்தாள்.

பந்தைப் பற்றி நீ கேட்பாய். எண்ணுகிறேன். முன்பு பத்துவரை என் எதிரே நின்றுகொண்டாவது இருப்பாள். இப்போது நாலு, ஐந்து எண்ணுவதற்குள் திரும்பிச் சுவரோரமாகப் போய்விடுகிறாள். பந்து என் கையிலேயே இருக்கிறது. அவளுக்கு இப்போது பந்து வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மாமாவை வண்டி நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டாம் என்று சொல்.

ஜூலை 16

தங்கச்சிக்கு,

இன்று புதன்கிழமை. பத்து மணிக்கு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சென்டர் வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். கதவில் புதுப் பூட்டு. கையோடு ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்துப் போயிருந்தேன்.

ஐந்து பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு மூடிய விஷயமே தெரியாது; பிரசவத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பியவர்கள். கைக்குழந்தையோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். “எப்பம்மா திறப்பாங்க?” என்று கேட்டார்கள். மற்ற இரண்டு பேருக்குத் தெரியும். பழக்கத்தில் கால் கொண்டுவந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் கட்டம் போட்டு எழுதினேன். கேட்பவர் யாருமில்லை.

கடைசி வரியில் எறும்பு என்று எழுதினேன். அட்டை எண்ணையும் எழுதினேன். பேனா மூடி மடியில் கிடந்தது. எடுத்து விளையாட யாருமில்லை. பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதினேன். இந்தத் தடவை அது நிஜம்.

அக்கா